பிளாட்ஃபாரக் குடும்பத்துக்கு எது உதவும்: கம்பளியா, ஷெல்டரா, போர்டு வீடா, வாடகை அட்வான்ஸா?

மார்கழிப் பனி இறங்கியதும் சென்னையில் வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை, சென்ட்ரல் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் கார்கள் வந்து நிற்கத் தொடங்கும். கம்பளி கொடுப்பார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் பெட்டி வைத்துப் பூட்ட இடமில்லாத குடும்பத்துக்கு முதல் கம்பளி போர்வை, மூன்றாவது கம்பளி சுமை. அவர்களுக்கு உண்மையிலேயே தாங்க முடியாத மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அடைமழையில் படுக்கவும் முடியாது, அன்றாடக் கூலி வேலையும் கிடைக்காது. அந்த இரண்டு மாதமும் கார்கள் குறைவு.

கையில் கொஞ்சம் பணமும் ஓடியாட நாலு பேரும் வைத்துக்கொண்டு, வீடில்லாதவர்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கும் குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். குடியிருப்போர் சங்கம், கோயில், தேவாலய, பள்ளிவாசல் அறக்குழு, பழைய மாணவர் சங்கம், அலுவலக நண்பர்கள் என்று எந்தக் குழுவாகவும் இருக்கலாம். ஒப்பிடுவதற்கு ஒரே தொகையை வைத்துக்கொள்வோம்: ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் 2013-இல் வந்த வீடற்றோர் காப்பகத் திட்டம், 50 பேர் தங்கும் ஒரு காப்பகத்தை ஓராண்டு நடத்துவதற்கு வகுத்த தொகை அது. அதே பணம் வேறு வழிகளில் போனால் என்ன ஆகும் என்று பார்க்க அது நல்ல அளவுகோல்.

யார் படுத்திருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களை அவர்கள் படுத்திருந்த இடத்துக்கே போய் எண்ணினார்கள். இந்தியா முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். சாலையோரம், மேம்பாலத்தடி, மாடிப்படியின் கீழே, கோயில் மண்டபம், ரயில் பிளாட்ஃபாரம், பெரிய குழாய்க்குள் என எங்கே படுத்திருந்தாலும் எல்லாருக்கும் ஒரே தலைப்பு. கணக்குக்கு அது போதும். உதவிக்குப் போகும்போது அந்த ஒரே தலைப்புதான் முதல் தப்பைச் செய்ய வைக்கிறது, ஏனென்றால் காரணம் ஆளுக்கு ஆள் வேறு.

வடசென்னையை எடுத்துக்கொள்வோம். யானைகவுனி, சவுக்கார்பேட்டை, ராயபுரம் ஓரங்களில் இருப்பவர்களில் பெரும்பகுதி குடும்பங்கள். இரண்டு மூன்று தலைமுறையாக அதே நடைபாதைதான் அவர்களுக்கு ஊர். துறைமுகத்திலும் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தையிலும் மூட்டை தூக்க வந்த குடும்பங்கள் இவற்றில் உண்டு. மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. குடும்பம் போகவில்லை, ஏனென்றால் அதற்குள் வீட்டுவேலை, பூக்கட்டு, தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, கடை துப்புரவு என்று பிழைப்பு அந்தத் தெருக்களோடு பின்னிக்கொண்டது. பிள்ளைகள் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். வருமானம் இருக்கிறது. இல்லாதது இரண்டு: மொத்தமாக எடுத்து வைக்க அட்வான்ஸ், "இவர்களுக்கு வீடு விடலாம்" என்று சொல்லும் ஒரு வீட்டுக்காரர்.

நடைபாதைக்குப் புதிதாக வரும் குடும்பங்களின் கதை வேறு. பத்துக்குப் பத்து அறையில் பெற்றோர் இருப்பார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகும், அடுத்த மகனுக்கும் ஆகும், ஒரு குடும்பம் வெளியே வந்தாக வேண்டும். அல்லது சம்பாதித்தவர் இறந்துபோவார், விபத்தில் கால் போகும், மருத்துவச் செலவுக்கு வார வட்டிக்கு வாங்கியது வாடகையைத் தின்னும். நாலு மாத பாக்கி அட்வான்ஸில் கழிந்து, ஐந்தாவது மாதம் சாமான் வாசலுக்கு வரும்.

அடுத்தது தனி ஆட்கள். பந்தல் வேலை, கேட்டரிங், லோடு, கட்டட வேலை என்று தென் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரா, ஒடிசா, பீகாரிலிருந்தும் வருபவர்கள். இவர்களில் பலருக்கு ஊரில் வீடு உண்டு. இங்கே வாடகை கொடுத்தால் ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. அதன் பிறகு, மனநோயோடு அலைபவர்கள். பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலிலோ ரயில் நிலையத்திலோ விட்டுப் போன முதியவர்கள். அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள், வீட்டால் விரட்டப்பட்ட திருநங்கைகள்.

கம்பளி எல்லாருக்கும் ஒன்றுதான். மற்ற எதுவும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

பொட்டலமும் கம்பளியும்

300 ரூபாய்க் கம்பளி என்றால் 6 லட்சத்துக்கு 2,000. பொட்டலம் 50 ரூபாய் என்றால் 12,000 வேளை. பசி உள்ள இடத்தில் சோறு தப்பாகாது, ஆனால் சென்னையில் கணக்கு கொஞ்சம் வேறு. 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்றுதான் விலை வைத்தார்கள். நடக்க முடிந்தவருக்குப் பகல் சோறு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டாதவர்கள் நடக்க முடியாத முதியவர்களும் நோயாளிகளும். இரவு பத்து மணிப் பொட்டலம் அவர்கள் கைக்கு வருவதே அரிது, முந்தி ஓடி வருபவர்களிடம் தீர்ந்துவிடும். எதையாவது கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அக்டோபர் முதல் வாரத்தில், கயிறு கோக்க ஓரத்தில் வளையம் வைத்த 12-க்கு 15 அடி கனமான தார்ப்பாயும் 10 மீட்டர் நைலான் கயிறும் கொடுங்கள். அந்த ஒரு பொருள் மழைக்காலம் முழுக்க உழைக்கும்.

ஷெல்டர்: காகிதத்தில் நல்லது, பூட்டில் கோளாறு

உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களுக்குப் போட்ட அளவு இது: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2011-இல் இருந்தவர்கள் 66 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்குப்படி 66 காப்பகம் வேண்டும். 2013 திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி இடம், குடிநீர், குளியலறை, கழிப்பறை, பொதுச் சமையலறை, தனித்தனி லாக்கர் எல்லாம் கேட்டது. 50 பேர் என்று பலகை வைத்த கட்டடம் 2,500 சதுர அடி இருக்கிறதா என்று காலாலேயே அளந்துவிடலாம். இல்லையென்றால் பலகையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

இப்போது பணம். 6 லட்சத்தை 50 பேருக்கும் 12 மாதத்துக்கும் பிரித்தால் ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். மொத்தக் காப்பகத்துக்கு மாதம் 50,000. மூன்று ஷிஃப்டுக்கு மூன்று காப்பாளர், ஒரு துப்புரவுப் பணியாளர், அரசு அலுவலகங்களுக்கு அலைய ஒரு ஒருங்கிணைப்பாளர் என ஐந்து பேர். ஆளுக்கு 10,000 என்று குறைத்து வைத்தாலும் சம்பளத்திலேயே 50,000 தீர்ந்தது. மின்கட்டணம், பினாயில், பல்பு, கழிப்பறை அடைப்பு, போர்வை வெளுப்பு, மருந்து எல்லாம் நடத்துகிற தொண்டு நிறுவனம் வெளியே திரட்ட வேண்டும். திரட்ட முடியாத மாதத்தில் முதலில் இரவுக் காப்பாளர் வேலையை விட்டு நின்றுவிடுவார். அவர் நின்றால் கதவு பத்து மணிக்கே சாத்தப்படும். பத்து மணிக்குச் சாத்தினால் பந்தல் பிரித்துவிட்டு ஒரு மணிக்கு வருகிறவரும், மூன்று மணிக்குச் சந்தைக்குக் கிளம்புகிறவரும் பிளாட்ஃபாரத்திலேயே படுப்பார்கள். பிறகு "ஷெல்டர் காலியாகத்தான் இருக்கிறது, இவர்கள்தான் வர மாட்டேன் என்கிறார்கள்" என்று பேச்சு வரும்.

ஆகவே புதிதாக ஒரு காப்பகம் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே மாநகராட்சிக் கட்டடத்தில் நடக்கும் ஒன்றைப் பிடித்து அதன் ஓட்டைகளை அடையுங்கள். முதலில் லாக்கர். காப்பகத்துக்கு வர மறுப்பவரிடம் காரணம் கேட்டால் செல்போன் திருட்டும் துணிப்பை திருட்டும்தான் முன்னால் வரும். இரும்பு லாக்கர், ஆளுக்கு ஒரு பூட்டு, மாற்றுச் சாவி காப்பாளரிடம் இல்லாமல் ஒருங்கிணைப்பாளரிடம். இரண்டாவது, செல்போன் சார்ஜ் செய்ய லாக்கருக்குள்ளேயே ஒரு பாயின்ட். மூன்றாவது, இரவு ஒரு மணிக்கும் கதவு திறக்க ஒரு ஆள். நான்காவது, துணி துவைக்கும் மிஷினும் கழற்றித் துவைக்கிற ரெக்ஸின் மெத்தை உறையும்.

கடைசியில் சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. சிரங்கு ஒருவருக்கு வந்தால் கூடம் முழுக்கப் பரவும். பெரும்பாலும் நடக்கிற தப்பு, சொறிகிறவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை கூடத்தில் படுக்கும் அத்தனை பேரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, அக்குள், தொப்புள் விடாமல் பூச வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். அதே காலையில் எல்லாப் போர்வையும் உடுப்பும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை பூச வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது. மிஷின் இல்லாத காப்பகத்தில் இந்த வேலை பாதியில் நிற்கும், பதினைந்தாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் தனி ஆட்களுக்கு ஷெல்டர்தான் முதல் தேர்வு. குடும்பங்களுக்கு அப்படி இல்லை. பெரும்பாலான காப்பகங்கள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அம்மா ஒரு கட்டடம், அப்பா ஒரு கட்டடம், மீசை முளைத்த மகன் மூன்றாவது கட்டடம் என்று பிரித்துவிட்டு அதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் எந்தக் குடும்பமும் ஒப்பாது. தள்ளுவண்டியை எங்கே விடுவது, அடுப்பை எங்கே வைப்பது என்ற கேள்விகளும் அதன் பின்னால் நிற்கின்றன.

போர்டு வீடு: சொந்தக் கதவு, தூரத்துப் பிழைப்பு

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. மக்கள் வாயில் இன்னும் அது போர்டுதான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தெற்கு ஓரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெருந்தொகையான குடும்பங்களை பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். பூட்டக்கூடிய கதவு, உள்ளேயே கழிப்பறை, மின்சாரம், ஒரு முகவரி. நடைபாதையில் குளிக்க இருட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இதன் மதிப்பை வெளியே இருப்பவர்கள் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கும் மேல். பஸ்ஸில் போக்குவரத்து நெரிசலோடு ஒரு பக்கம் ஒன்றரை, இரண்டு மணி நேரம். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி. நேரத்தை அது திருப்பித் தராது. காலை ஆறு மணிக்கு மூன்று வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். மீன் வெட்டுகிறவரும் பூ வாங்குகிறவரும் கிளம்ப வேண்டிய நேரத்தில் பஸ்ஸே கிடையாது. ஆகவே வீடு அங்கே, பிழைப்பு இங்கே என்று ஆகிறது. கொஞ்ச நாள் கழித்து வீட்டைப் பூட்டிவிட்டோ குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய நடைபாதைக்கே திரும்புகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் "ஏற்கெனவே வீடு பெற்றவர்" பட்டியலில் இருக்கும், படுப்பது தெருவில் இருக்கும்.

இன்னொரு சிக்கல் ஆரம்பத்திலேயே இருக்கிறது. குடிசையை அகற்றும்போது கணக்கெடுப்பவர்கள் சுவர், கூரை, கதவு உள்ள கட்டுமானத்தை எண்ணித்தான் வீட்டு ஒதுக்கீட்டுக்கான டோக்கன் கொடுப்பார்கள். தார்ப்பாய் கட்டிப் படுக்கும் குடும்பத்துக்கு எண்ணுவதற்கு ஒரு கட்டுமானமே இல்லை. வீடு மிக அவசரமாக வேண்டியவருக்கே டோக்கன் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

இதில் உங்கள் 6 லட்சத்துக்கு வேலை இல்லை. வீடு கட்டுவது அரசின் வேலை. உங்களுக்கு உள்ள வேலை, கணக்கெடுப்பு நடக்கும் நாளில் உடன் நிற்பது. குடும்பம் படுத்திருக்கும் இடத்தின் படம், எந்தக் கடை எதிரில் என்ற அடையாளம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, அந்த முகவரிக்கு வந்த பழைய காகிதம் எதுவானாலும் சேர்த்து ஒரு மனுவாக எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மனுவில் கேட்க வேண்டிய வரி: தற்போதைய இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் நடக்கும் மறுகட்டுமானத் திட்டத்தில் ஒதுக்கீடு. பெரும்பாக்கத்துக்குப் போக ஒப்பும் குடும்பம் என்றால், பள்ளி ஆண்டு முடிந்த மே மாதத்துக்கு அந்த நகர்வைத் தள்ளக் கேளுங்கள். டிசம்பரில் பிடுங்கி நட்ட பிள்ளை பல நேரம் பள்ளிக்குத் திரும்புவதே இல்லை.

வாடகை அட்வான்ஸ்: சிறிய குழு செய்யக்கூடியது

பழக்கத்தில் இருக்கும் ஒரு உதாரணக் கணக்கு. வடசென்னையில் மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரு அறையும் சமையல் மூலையும். வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 50,000. முதல் மாத வாடகை 5,000, அடுப்பு, பாத்திரம், பக்கெட், ஃபேன் என 5,000, மழைக்கால இருப்பாக இரண்டு மாத வாடகை 10,000. குடும்பத்துக்கு 70,000. எட்டுக் குடும்பத்துக்கு 5,60,000 போய், அலைச்சலுக்கும் ஒப்பந்தச் செலவுக்கும் 40,000 மிஞ்சும்.

அட்வான்ஸை ஐந்து மாதமாகப் பேசி முடித்தால் குடும்பத்துக்கு 45,000 போதும், 13 குடும்பம் வீட்டுக்குள் போகலாம். இதைவிடப் பெரிய நன்கொடை யாரும் தர முடியாது. பேசுவதற்குச் சட்டமும் துணை இருக்கிறது: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. "வேறு உடன்பாடு" என்ற ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் நுழைகிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் வீடே கிடைக்காது. ஆனால் வாடகைக்கு ஒரு சங்கம் பொறுப்பு நிற்கிறது என்று தெரிந்தால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். அவர்களுடைய பயம் பாக்கி நிற்குமோ என்பதும், நாலு பேர் என்று சொல்லிப் பத்துப் பேர் வந்துவிடுவார்களோ என்பதும்தான். "பிளாட்ஃபாரத்துக்காரங்களுக்கு விட மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நேரத்தைச் செலவழிக்காமல் அடுத்த தெருவுக்குப் போங்கள்.

பணம் கைமாறும் முறையில்தான் இந்தத் திட்டம் நிற்கும் அல்லது விழும். அட்வான்ஸைக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டாம். சங்கத்தின் கணக்கிலிருந்து வீட்டுக்காரரின் கணக்குக்கு வங்கி வழியாகப் போகட்டும். வீட்டுக்காரர், குடும்பம், சங்கம் மூன்று பேரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் நாலு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்ப வருவது சங்கத்துக்கு; ஒரு மாத வாடகை தாமதமானால் பத்து நாளுக்குள் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், சொல்லாமல் அட்வான்ஸில் கழிக்கக் கூடாது; எத்தனை பேர் தங்குவார்கள்; மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு. கடைசியைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். தனி மீட்டர் இல்லாத வீடுகளில் உள்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் வாங்குவார்கள். அரசு தரும் இலவச மின்சாரம் குடியிருப்பவரிடம் வந்து சேராது. வாடகைக்குத் தயாராக இருந்த குடும்பம் கோடையில் மின்கட்டணத்தில் சறுக்கும்.

எந்தக் குடும்பம் தாங்கும் என்று பார்க்க நல்ல மாத வருமானத்தைக் கேட்காதீர்கள். போன நவம்பரில் என்ன வந்தது என்று கேளுங்கள். அந்த மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை அடங்கினால் துணிந்து செய்யலாம். அடங்காவிட்டால் மழைக்கால இருப்பை இரண்டிலிருந்து மூன்று மாதமாக்க வேண்டும். அடுத்து கடன். வார வட்டிக்காரரிடம் ரேஷன் கார்டும் ஏடிஎம் கார்டும் அடகில் இருக்கிறதா என்று மெதுவாக, பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கார்டு அடகில் இருந்தால் முதல் செலவு அதை மீட்பது. கடனை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போன குடும்பம் மூன்றாவது மாதம் வாடகையா வட்டியா என்று நிற்கும். வட்டிக்காரர் கதவைத் தட்டுவார், வீட்டுக்காரர் காத்திருப்பார். முதலில் வட்டிதான் போகும்.

நாள்கூலிக் கைகளில் மாதக் கடைசியில் 5,000 சேர்ந்து நிற்காது. வாரம் 1,250 வசூலிப்பது நடக்கிற காரியம். சங்கத்தில் ஒருவர் சனிக்கிழமை மாலை போய் வாங்கி, சின்ன நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, முதல் தேதி வீட்டுக்காரருக்குச் செலுத்துவார். முதல் மூன்று மாதம் வாரா வாரம், பிறகு மாதம் ஒரு முறை. பதினோராவது மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன்னால் போய் உட்கார வேண்டும். வாடகை 500 ஏறுவது அப்போதுதான்.

வீடு வேலை இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். முடிந்தால் ஒரே தெருவில் இரண்டு மூன்று குடும்பங்களாகக் குடியேற்றுங்கள். நடைபாதையில் அம்மா வேலைக்குப் போனால் பக்கத்துப் பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்வார். தெரியாத தெருவின் இரண்டாம் மாடியில் யார் பார்ப்பார்கள்? நல்ல வீடு கிடைத்தும் திரும்பி வந்த குடும்பங்களுக்குக் காரணம் பல நேரம் இதுதான், நன்றிகெட்டதனம் இல்லை.

"முதலில் குடியை விடட்டும், பிறகு வீடு பார்க்கலாம்" என்று குழுவுக்குள் ஒரு குரல் கட்டாயம் எழும். 1992-இல் நியூயார்க்கில் தொடங்கி, 2008 முதல் பின்லாந்து அரசே கொள்கையாக எடுத்துக்கொண்ட முறை இதற்கு நேர் எதிர்: முதலில் வீடு, பிறகு மற்றதெல்லாம். கனடாவில் ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு நடத்திய பெரிய ஆய்விலும் முதலில் வீடு பெற்றவர்களே அதிகமாக வீட்டில் நிலைத்தார்கள். அங்கே வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டுகிறது, இங்கே அந்த ஏற்பாடு இல்லை, அதனால் அப்படியே தூக்கி வந்து நட முடியாது. ஆனால் குடியை விடுவதை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்ற பாடம் இங்கேயும் பொருந்தும். ஒப்பந்தத்தையும் வாரக் கணக்கையும் வீட்டுப் பெண் பெயரில் வையுங்கள், அது போதும்.

முக்கியமான வித்தியாசம் ஒன்று. காப்பகத்துக்கு 6 லட்சம் கொடுத்தால் மார்ச் 31-இல் அது செலவாகி முடிந்திருக்கும். எட்டுக் குடும்பத்தின் அட்வான்ஸ் 4 லட்சம் வீட்டுக்காரர்களிடம் உங்கள் பெயரில் நிற்கும். குடும்பம் தன் சேமிப்பில் மாதம் 500 என்று சங்கத்துக்குத் திருப்பிக் கட்டினால் அது மெல்ல அவர்கள் அட்வான்ஸாகவே மாறும், உங்கள் பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

மனநோயோடு அலைபவர்களுக்கு

மேலே சொன்ன எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது. தெரியாத குழு நேரடியாக இறங்கவும் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, இப்படி அலையும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைக் காவல் நிலையத்தின் கடமையாக வைத்திருக்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேட வழக்குப் பதிய வேண்டும். ஸ்டேஷனில் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்பது பலன் தரும். சிகிச்சை முடிந்தபின் போக வீடில்லாதவர்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுதான் அடுத்த சிக்கல். சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் ஒரு குடும்பம் போல் பணியாளர் துணையோடு வாழும் முறையை நடத்திக் காட்டியது. வாடகை 20,000, இரண்டு பணியாளர் 30,000 என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் அதிலேயே போகும். சோறும் மருந்தும் தனி. ஆளைக் கணக்கிட்டால் எல்லாவற்றையும்விட விலை கூடியது. ஆனாலும் இவர்களுக்கு இதைவிடச் சரியான ஒன்று இல்லை. அனுபவமுள்ள அமைப்புக்கு ஒரு வீட்டின் வாடகையை மூன்று ஆண்டுக்கு ஒப்புக்கொள்வது குழுக்கள் செய்யக்கூடியது.

1945-ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லி வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தக் கேட்கும் மனுக்களில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்றப்பட்டவர் சில நாளில் திரும்பி வருவார். இழந்த துணிமூட்டையும் காகிதங்களும் வராது.

எங்கள் பங்கீடு

6 லட்சம் எங்கள் கையில் இருந்தால் 3.5 லட்சத்தில் ஐந்து குடும்பங்களுக்கு அட்வான்ஸ். ஒரு லட்சம், நடைபாதைக்கு அருகில் உள்ள ஒரு காப்பகத்தின் லாக்கர், துவைக்கும் மிஷின், இரவுக் கதவுக்கு. 50,000 ரூபாய் அக்டோபர் தார்ப்பாய்க்கும் அவசர மருந்துக்கும். மீதி ஒரு லட்சம் முழுவதும் காகிதங்களுக்கு: அதாவது ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் எடுத்துத் தர அலையும் ஒரு பகுதிநேரப் பணியாளருக்கு.

கடைசி ஒரு லட்சத்தைப் பார்த்துத்தான் குழுக்கள் முகம் சுளிக்கும். கணக்கைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கியபோது மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000. அதே ஆண்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. தாயும் பாட்டியும் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இரண்டும் கிடைத்தால் மாதம் 2,200, ஆண்டுக்கு 26,400. 5,000 ரூபாய் வாடகையில் கிட்டத்தட்ட பாதி, யாரிடமும் கை நீட்டாமல். உரிமைத் தொகைக்கும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ரேஷன் கார்டு வேண்டும். கார்டுக்கு ஆதாரும் முகவரியும், தனிச் சமையலும் காட்ட வேண்டும். பிளாட்ஃபாரத்தில் முடியாத அந்தக் கடைசிப் படி, வாடகை அறைக்குள் வந்ததும் முடிகிறது. அட்வான்ஸும் காகிதமும் ஒன்றையொன்று தூக்கிவிடுவது அங்கேதான்.

தொடங்க வேண்டிய வரிசை இது. ஆதாருக்கு முகவரி இல்லையென்றால் வார்டு கவுன்சிலரோ, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளரோ ஆதார் ஆணையத்தின் அச்சுப் படிவத்தில் புகைப்படம் ஒட்டிச் சான்று தரலாம். சான்று மூன்று மாதமே செல்லும், ஆகவே சேர்க்கை மையத்தில் தேதி வாங்கிவிட்டுச் சான்று வாங்குங்கள். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6. வீடில்லாதவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. படுக்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு இரவுக்கு மேல் நேரில் வந்து, எழுதிய இடத்தில்தான் படுக்கிறாரா என்று பார்ப்பார். அந்த இரவுகளில் மழை வந்து எதிர்க்கடைத் தாழ்வாரத்துக்கு மாறிப் படுத்தால்கூட விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். அதனால் படிவத்தில் "சாலையோரம்" என்று மொட்டையாக எழுதாமல், எந்தக் கடை எண் முதல் எந்தக் கடை எண் வரை என்று எழுதுங்கள். அலுவலர் வரும் இரவுகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, பகுதிநேரப் பணியாளர் பத்து மணிக்கு அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்திருக்கட்டும்.